கடைசியாக ரிசீவரை வைப்பவர்

ஆர்லீன் ஸ்டக்கி பேச ஒப்புக்கொண்டபோது மூன்று நிபந்தனைகள் போட்டார். எந்த அதிபரின் காலம் என்று எழுதக்கூடாது. எதிர்முனையில் இருந்தது எந்த நாடு என்று எழுதக்கூடாது. மூன்றாவது, பேசிக்கொண்டிருக்கும்போது யாரும் போனை எடுக்கக்கூடாது.

"அடிச்சா அடிக்கட்டும். நீங்க எடுத்தீங்கன்னா என் காது தானா அந்தப் பக்கம் போயிடும். பழக்கம். எண்பத்தோரு வயசாகியும் விடமாட்டேங்குது" என்றார்.

அவருடைய தொழில் அதுதான், காது. அதிபரின் வெளியுறவு ஆலோசகர் டாக்டர் பெர்ரினின் அலுவலகத்தில் நான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர் போனில் பேசும் ஒவ்வொரு முறையும் அந்த நால்வரில் ஒருவர் தன் மேசையில் அதே லைனைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு முழுப் பேச்சையும் சுருக்கெழுத்தில் எடுப்பார். அடுத்த பக்கம் பேசுபவருக்கு அது தெரியாது. மூச்சுச் சத்தம் போய்விடக் கூடாது என்பதற்காக, ரிசீவரின் வாய்ப்பக்கத்து மூடியைத் திருகி உள்ளே இருக்கும் வட்டத் தகட்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். கேட்கலாம், ஆனால் கத்தினாலும் அந்தப் பக்கம் போகாது. பதினைந்து நிமிடப் பேச்சு என்றால் அரை மணியில் தட்டச்சு செய்த தாளாக டாக்டரின் மேசைக்குப் போய்விட வேண்டும்.

கம்பர்லாண்டில் ரயில்வேக்காரர் மகளாகப் பிறந்து, மேரிலாண்ட் மாநிலச் சுருக்கெழுத்துப் போட்டியில் இரண்டு முறை முதலிடம் வாங்கிய ஆர்லீனுக்கு முப்பத்து நான்காம் வயதில் இந்த வேலை கிடைத்தது. கற்றுக்கொடுத்தவர் அங்கே மூத்த செயலாளராக இருந்த டோலோரஸ் ப்ரூயிட். பெரிய கண்ணாடி, பெரிய சிரிப்பு, இரண்டு விதிகள்.

"கண்ணு, டாக்டர் எடுக்கிறதுக்கு முன்னாடி நீ எடுக்கணும். எல்லாரும் வெச்சதுக்கு அப்புறம் நீ வைக்கணும். நடுவுல எடுத்தாலோ வெச்சாலோ 'டிக்'னு கேக்கும். அந்தப் பக்கம் இருக்கிறவன் முட்டாள் இல்லை."

"இன்னொரு விதி?"

"கேக்காததை எழுதாதே. அவர் சொல்லியிருப்பார்னு உனக்குத் தோணும். தோணினதை வீட்டுக்குக் கொண்டுபோ. இங்க கோடு போட்டு விட்டுடு."

இவ்வளவு மெனக்கெடலும் எதற்கு என்றால், நாட்டின் வெளியுறவு அந்தத் தாள்களில்தான் இருந்தது. நகரத்தின் மறுபக்கத்தில் வெளியுறவுத் துறை இருந்தது. பல மாடி, பல ஆயிரம் பேர், உலகமெங்கும் தூதரகங்கள். டாக்டர் பெர்ரினிடம் அதெல்லாம் எதுவும் இல்லை. அவர் ஒரு முன்னாள் பேராசிரியர். யாரும் ஓட்டுப் போட்டு வந்தவரும் அல்ல. ஆனால் அவர் அறையிலிருந்து அதிபரின் அறைக்கு நடந்தால் முப்பது அடி. துறையிலிருந்து ஒரு கருத்து பதினோரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துசேருவதற்குள் பெர்ரின் அதிபருடன் இரண்டு முறை காபி குடித்திருப்பார்.

அவர் அதிபருக்கு அனுப்பும் குறிப்பு இரண்டு பக்கம். முடிவில் மூன்று வழிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம். முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால் நாட்டின் மானம் போகும். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் போர் வரும். அதிபர் பேனாவை எடுத்து நிதானமாக யோசித்து நடுக் கட்டத்தில் டிக் போடுவார்.

"முடிவெடுத்துட்டாராம்" என்பார் டோலோரஸ், தாள் திரும்பி வந்ததும்.

ஒரு வருடம் மார்ச் மாதம் வெள்ளை நிறத்தில், எண் சுழற்றும் வட்டம் இல்லாத ஒரு போன் பெர்ரினின் மேசைக்கு வந்தது. எடுத்தால் நேரே ஒரு நாட்டுத் தூதரின் மேசையில் மணியடிக்கும். அந்த நாட்டில் நம் விமானப்படையினர் ஒன்பது பேர் சிறையில் இருந்தார்கள். வழிதவறிப் போன விமானம் என்றோம் நாம். உளவு விமானம் என்றார்கள் அவர்கள். வெளியுறவுத் துறை அவர்களை மீட்க வியன்னாவில் எட்டு மாதமாக வட்ட மேசையில் பேசிக்கொண்டிருந்தது. மேசையின் வடிவத்தைத் தவிர வேறொன்றும் முடிவாகவில்லை. இந்த வெள்ளை போன் விஷயம் அந்தத் துறைக்குத் தெரியாது. அமைச்சருக்கே தெரியாது. செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டே கால் மணிக்குப் பேச்சு. அந்த லைனை ஆர்லீனுக்கு ஒதுக்கினார்கள். அவர் மேசைக்கும் ஒரு வெள்ளை போன் வந்தது, வாய் பறிக்கப்பட்டு.

முதல் செவ்வாய் பேச்சு முடிந்தது. பெர்ரின் வைத்தார், ஒரு டிக். தூதர் வைத்தார், இன்னொரு டிக். இனி லைன் செத்துப்போக வேண்டும். சாகவில்லை. மழை தூரத்தில் பெய்வது போல ஒரு மெல்லிய இரைச்சல் காதில் இருந்துகொண்டே இருந்தது.

ஆர்லீன் காத்திருந்தார். எல்லாரும் வைத்த பிறகுதானே வைக்க வேண்டும்? ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம். இரைச்சலுக்குள் ஒரு பென்சிலை மேசை மேல் வைக்கும் சத்தம்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அங்கேயும் ஒரு ஆள் இருக்கிறார். அவருக்கும் அதே வேலை, அதே விதி. எல்லாரும் வைத்த பிறகுதான் அவரும் வைக்க வேண்டும். இவர் வைப்பதற்காக அவர் காத்திருக்கிறார். அவர் வைப்பதற்காக இவர் காத்திருக்கிறார்.

"எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வாயைப் பொத்திக்கிட்டேன், பொத்தவே தேவையில்லைன்னு மறந்துபோய். அப்ப டோலோரஸ் 'தாள் எங்கம்மா'ன்னு கேட்டதால வெச்சுட்டேன். வெள்ளிக்கிழமையும் இதேதான். அதுக்கடுத்த செவ்வாயும்."

நான்காவது முறை எதிர்முனை பேசியது. ஒரு ஆணின் குரல், தாழ்வாக, சொல்லைத் தேடித் தேடிப் பேசும் குரல். அவர்கள் தூதரகத்தில் தகட்டைக் கழற்றுவதில்லை. கைக்குட்டையை மடித்து வாய்ப்பக்கத்தில் கட்டுவார்களாம். அதை அவிழ்த்திருந்தார்.

"குட் மார்னிங். தயவு செஞ்சு நீங்க முதல்ல வைங்க. என் டீ ஆறிப்போகுது."

ஆர்லீன் ரிசீவரை நெருப்பைத் தொட்டது போல வைத்துவிட்டார். அடுத்த நான்கு நாளும் யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தார். வேற்று நாட்டுத் தூதரக ஆளோடு ஒரு சொல் பேசினாலும் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது கட்டளை. ஆனால் இவர் பேசவில்லையே, கேட்டார், அவ்வளவுதான். கேட்பதுதானே வேலை? இப்படி ஒரு சமாதானத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு அடுத்த செவ்வாய்க்காகக் காத்திருந்தார். செவ்வாய்க்காகக் காத்திருக்கிறோம் என்பதை அவர் கவனித்ததும் அப்போதுதான்.

"போன தடவை பயமுறுத்திட்டேன் போல. மன்னிக்கணும்" என்றது குரல். "உங்களால பேச முடியாது. தெரியும். உங்க சாமான் எங்க சாமானைவிட நல்ல சாமான். ஆனா ரிசீவரைத் தாங்குற பொத்தான் இருக்கே, அதை விரலால லேசாத் தட்டினா எனக்கு 'டிக்'னு கேக்கும். ஆமான்னா ஒண்ணு. இல்லைன்னா ரெண்டு. சரியா?"

ஆர்லீன் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதிர் மேசையில் டோலோரஸ் முட்டை சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டு.

"நன்றி" என்றது குரல்.

அதன் பிறகு ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னாலும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அதற்கு மேல் போனால் தட்டச்சுக்கு நேரம் போதாது. அவர் ஒரு குட் மார்னிங் சொல்லிவிட்டுப் பேசுவார், இவர் தட்டுவார்.

"உங்க டாக்டர் இன்னைக்குக் குதிரை மாதிரி ஓடினார். என் வலது கை என்னோடது இல்லை. உங்களுக்கும் வலிக்குதா?"

டிக்.

"எங்க தூதர் 'கொள்கை அடிப்படையில்'னு சொன்னா அர்த்தம் 'முடியாது'ன்னு. உங்க ஆளுக்கு அது தெரியுமா?"

டிக் டிக்.

"சரி, நானும் சொல்லலை. நீங்க ஆம்பளையா?"

டிக் டிக்.

"அடடா. இத்தனை நாள் சவரம்கூடப் பண்ணாம உக்காந்திருந்தேனே."

அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்த எடுப்பில் சொன்னார்: "இன்னைக்குப் பண்ணிட்டு வந்திருக்கேன்."

மனைவி இறந்து ஐந்து வருடம் என்று ஒரு முறை சொன்னார். ஊரில் ஆற்றங்கரையில் ஒரு தக்காளித் தோட்டம் என்றார். வாஷிங்டனின் ஜூன் மாதப் புழுக்கத்தை இருமிக்கொண்டே திட்டினார். ஆர்லீனின் பெயரை மட்டும் கேட்கவே இல்லை. "டிக்குல பேர் சொல்ல முடியாது. தவிர, தெரிஞ்சா எழுதித் தொலைச்சுடுவேன். கேட்டதையெல்லாம் எழுதுற கை இது" என்றார்.

உளவுக்காரராக இருப்பார் என்று தோன்றவில்லையா என்று கேட்டேன்.

"தோணாம இருக்குமா? முதல் மாசம் முழுக்க அதைத்தான் நினைச்சேன். எப்ப ஏதாவது கேப்பார், எப்ப வேலையைக் காட்டுவார்னு காத்துக்கிட்டே இருந்தேன். கேட்டா எழுதிக் கொடுத்துடலாம்னுகூட ஒரு தாளைத் தயாரா வெச்சிருந்தேன். அவர் கேக்கவே இல்லை."

ஆர்லீனின் வீடு அப்போது க்ளோவர் பார்க்கில் ஒரு மாடி அறை. மாலையில் பஸ்ஸில் திரும்பும்போது இறங்க வேண்டிய இடத்தைச் சில நாள் தவறவிட்டார். அன்று அவர் கேட்டதற்கு ஒரு டிக்குக்குப் பதிலாக என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போவார். மனதுக்குள் பதில்கள் சேர்ந்துகொண்டே போயின. எனக்கும் தக்காளி பிடிக்கும். என் அப்பாவும் அப்படித்தான் இருமுவார். உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது, வருத்தப்படாதீர்கள். நான்கு மாதத்துப் பதில்கள், எல்லாம் ஒரு அறையில், ஒரு பெண்ணின் தொண்டையில்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. பேச்சு நன்றாக நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அந்த வருடம் விளைச்சல் இல்லை, கோதுமை வேண்டும். நமக்கு ஒன்பது பேர் வேண்டும். ஒன்பது பேர் வந்துவிட்டால் வெள்ளை போனைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ஒன்பது பேரின் பெயர்களும் ஆர்லீனுக்கு மனப்பாடம். அவர்தானே தட்டச்சு செய்தார். இளையவனுக்கு இருபத்திரண்டு. அவன் அம்மா அலுவலகத்துக்கு எழுதும் கடிதங்களுக்கு மரியாதையாகப் பதில் அடித்ததும் அவர்தான். அவர்கள் சீக்கிரம் வர வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் உண்மையாகவே வேண்டிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலை அந்த வேண்டுதலின் மேல் கொஞ்சம் சந்தேகம் வரும்.

ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்கு டாக்டர் பெர்ரின் வெளியே வந்தார். குட்டையான மனிதர், எப்போதும் அவசரம்.

"ஆர்லீன், இன்னைக்கு நீ வேண்டாம்."

"சார்?"

"லைன்ல நீ வேண்டாம். தாளும் வேண்டாம். அமைச்சர் ஆபீஸ்ல எவனோ மோப்பம் பிடிச்சிருக்கான். நாளைக்கு வந்து 'எழுத்து எங்கே'ன்னு கேட்டா, இல்லைன்னு நான் மனசாரச் சொல்லணும்."

கதவு மூடியது. ஆர்லீன் வெள்ளை போனைப் பார்த்துக்கொண்டு பதினெட்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் அவர் எழுதிக்கொண்டிருப்பார். பேச்சு முடிந்ததும் கைக்குட்டையை அவிழ்ப்பார். லைன் உடனே செத்துப்போகும். என்ன நினைப்பார்?

பெர்ரின் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். முடிந்துவிட்டது. கோதுமைக் கப்பல் நம் துறைமுகத்திலிருந்து கிளம்பும் அதே நாளில் ஒன்பது பேரும் அங்கிருந்து கிளம்புவார்கள். அவரே அந்தக் குறிப்பைச் சொல்லச் சொல்ல டோலோரஸ் அடித்தார். மூன்று கட்டங்கள். நடுவில் டிக். அதிபர் ஒன்பது குடும்பங்களுக்கும் தானே போன் போட்டு, ஜூலை பத்தாம் தேதிக்குள் வந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை தூதரிடமிருந்து எழுத்தில் ஒரு தாள் வந்தது. மிக மரியாதையான தாள். டாக்டர் பெர்ரின் வெள்ளியன்று ஒப்புக்கொண்டபடி, கப்பல் எங்கள் துறைமுகத்தை அடைந்து கோதுமை முழுவதையும் இறக்கிய பிறகு ஒன்பது பேரும் விடுவிக்கப்படுவார்கள். அதாவது இன்னும் ஆறு வாரம். அதற்குள் எதுவும் நடக்கலாம்.

பெர்ரின் ஆர்லீனின் மேசைக்கு வந்து நின்றார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை நீ கேட்டுக்கிட்டு இருந்தியா?"

"இல்லை சார். நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்க."

"தெரியாமக்கூட எடுக்கலை?"

"எடுக்கலை சார்."

"ஏம்மா, வாழ்க்கையில ஒரு தடவையாவது என் பேச்சைக் கேக்காம இருந்திருக்கக் கூடாதா?"

டோலோரஸ் தட்டச்சு இயந்திரத்துக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

பெர்ரினுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது தெரியவில்லை. இதுதான் நிலைமை. 'கிளம்பிய அன்றே' என்றுதான் ஞாபகம். ஆனால் அன்று அவர் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மாறி மாறிப் பேசியிருந்தார். முடித்துவிட வேண்டும் என்கிற பதற்றத்தில் எதற்கோ 'சரி, சரி' என்றும் சொல்லியிருந்தார். எதற்கு? அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சண்டை போட்டு, அவர்கள் தங்கள் குறிப்பை எடுத்துக் காட்டி, அதில் 'சரி' என்று இருந்துவிட்டால், பேச்சே முறிந்துவிடும். அவர்கள் சொல்வதை ஒப்புக்கொண்டால் ஒன்பது குடும்பங்களுக்கு அதிபர் கொடுத்த வாக்கு போய்விடும். அமைச்சரையும் துறையையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஆள் செய்த காரியம். இப்போது கேட்கவும் ஆள் இல்லை. உலகத்திலேயே அந்தப் பதினெட்டு நிமிடம் முழுதாக எழுதப்பட்டிருந்தது ஒரே ஒரு நோட்டில். அது இருந்த இடம் ஆர்லீனுக்குத் தெரியும்.

செவ்வாய் காலை ஏழரைக்கே ஆர்லீன் வந்துவிட்டார். டோலோரஸ் வரவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, நான்கு மாதமாக ரப்பர் பேண்டுகளுக்கு நடுவில் கிடந்த வட்டத் தகட்டை எடுத்துத் துடைத்து வெள்ளை ரிசீவருக்குள் வைத்து மூடியைத் திருகினார்.

எட்டே கால் பேச்சின்போது வாய்ப்பக்கத்தை இடது உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு வலது கையால் எழுதினார். நோட்டு நழுவிக்கொண்டே இருந்தது. மூச்சை முடிந்தவரை சின்னதாக விட்டார். பெர்ரின் அன்று நாள் கடத்தினார். உங்கள் தாள் வந்தது, படித்துக்கொண்டிருக்கிறேன், நாளை பேசுவோம் என்றார். தூதரும் அவசரப்படவில்லை. ஒரு டிக். இன்னொரு டிக். இரைச்சல்.

"வெள்ளிக்கிழமை நீங்க வரலை" என்றார் அவர். "உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன். இல்லை, என்னைப் பத்தித் தெரிஞ்சுபோச்சோன்னும் நினைச்சேன். நல்லா இருக்கீங்களா?"

ஆர்லீன் பொத்தானைத் தட்டவில்லை. உள்ளங்கையை எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை என்ன பேசினாங்க? கப்பல் கிளம்பின அன்னைக்கா, இறக்கின பிறகா?"

என்னிடம் இதைச் சொல்லும்போது அந்த இரண்டு கேள்விகளையும் அதே வேகத்தில் சொன்னார். அலுவலகக் குரல். தாள் எங்கே என்று கேட்கும் குரல்.

அந்தப் பக்கம் எதுவும் வரவில்லை. பதினைந்து வினாடி இருக்கும் என்றார். சுருக்கெழுத்துக்காரர்களுக்கு வினாடி தெரியும்.

பிறகு பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. அவர் வாசித்தார். தன்னுடைய குரலில் அல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே எடை கொடுத்து, எழுதியதை வாசிப்பவனின் குரலில்.

"டாக்டர்: கப்பல் கிளம்பட்டும், ஆளுங்க கிளம்பட்டும், ஒரே நாள். தூதர்: ஒரே நாள், சரி. டாக்டர்: பத்திரிகைக்காரங்களுக்கு நாங்க முதல்ல சொல்றோம். தூதர்: அதுவும் சரி." நிறுத்தினார். "இறக்கின பிறகுங்கிற சொல் என் நோட்டுல இல்லை. அது ஞாயித்துக்கிழமை ஊர்லேர்ந்து வந்தது."

ஆர்லீன் வாயைத் திறந்தார். நன்றி சொல்லவா, மன்னிப்புக் கேட்கவா, பெயரைச் சொல்லவா என்று தீர்மானிப்பதற்குள் டிக் என்று கேட்டது. அவர் வைத்துவிட்டார். முதல் முறையாக, இவருக்கு முன்னால்.

ஒன்பது மணிக்கு பெர்ரினின் அறைக்குள் போனார்.

"சார், உங்க ஞாபகம் சரிதான். கிளம்பின அன்னைக்குத்தான்."

"உனக்கு எப்படி—" என்று ஆரம்பித்த பெர்ரின் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆலோசகர்களுக்கு எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவர் ஆர்லீனை ஒரு நிமிடம் பார்த்தார். "நிச்சயமா?"

"சொல்லுக்குச் சொல்."

மறுநாள் பெர்ரின் வெள்ளை போனில் பேசினார். தூதர் அவர்களே, நான் சொன்னது இது, நீங்கள் சொன்னது இது என்று நான்கு வரியை வரிசை மாறாமல் ஒப்பித்தார். தூதர், தலைநகரத்துக்குத் தெரிவிக்கிறேன் என்றார். ஆர்லீன் எழுதினார். இருவரும் வைத்தார்கள். லைன் உடனே செத்துப்போனது. அதன் பிறகு மூன்று முறை பேச்சு நடந்தது. மூன்று முறையும் அப்படியே.

ஜூலை ஒன்பதாம் தேதி கப்பல் கிளம்பியது. அன்று மாலை ஒன்பது பேரும் விமானம் ஏறினார்கள். பத்திரிகைகள் பெர்ரினைக் கொண்டாடின. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் ஒவ்வொரு சொல்லையும் நினைவில் வைத்திருக்கும் மனிதர் என்று எழுதினார்கள். அந்த வரியை எழுதியவர்களில் நானும் ஒருவன். இரவுப் பதிப்புக்குள் முடிக்க வேண்டும், அதிபர் மாளிகையில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பதினைந்தாம் தேதி அதிபர் மாளிகைப் புல்வெளியில் வரவேற்பு. ஒன்பது பேர், குடும்பங்கள், புகைப்படக்காரர்கள், எலுமிச்சைச் சாறு. தூதரகத்திலிருந்து ஐந்து பேரை அழைத்திருந்தார்கள். நுழைவாயில் மேசையில் உட்கார்ந்து பெயர் அட்டைகளைக் கொடுக்கும் வேலையை ஆர்லீன் கேட்டு வாங்கிக்கொண்டார். பேசினால் போதும், கண்ணை மூடிக்கொண்டே அந்தக் குரலைச் சொல்லிவிடுவார்.

தூதர் வந்தார். அவர் குரல் தெரிந்ததுதான். பிறகு மூன்று பேர். ஒருவர் நன்றி என்றார், அவர் இல்லை. ஒருவர் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார், அவர் இல்லை. மூன்றாமவர் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார். அவரும் இல்லை. ஐந்தாவது அட்டை மேசையிலேயே கிடந்தது. ராடிம் குபெலா, மூன்றாம் செயலர்.

"ஒருத்தர் வரலையே?" என்று மூன்றாமவரிடம் கேட்டார். அதற்கு மேல் ஒரு சொல் கேட்டால் எங்கோ யாருக்கோ அது பிரச்சினையாகும்.

"அவருக்கு உடம்பு சரியில்லை, மேடம்."

அந்த அட்டையை ஆர்லீன் கைப்பையில் வைத்துக்கொண்டார். இளையவனின் அம்மா வந்து, கடிதங்களுக்குப் பதில் எழுதியது இவர்தான் என்று யாரோ சொல்லக் கேட்டு, கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். இவரும் அழுதார். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக அழவில்லை என்றார் என்னிடம். பிறகு, "இல்லை, பாதி ஒரே காரணம்தான்" என்று திருத்தினார்.

வாஷிங்டனில் இருக்கும் எல்லா நாட்டுத் தூதரக அதிகாரிகளின் பெயரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புத்தகமாக வரும். ஆகஸ்டு புத்தகத்தில் குபெலா இருந்தார். நவம்பர் புத்தகத்தில் இல்லை. மாற்றலா, தண்டனையா, அல்லது குபெலா என்பவர் விசா முத்திரை குத்தும் வேறு யாரோ ஒருவரா, எதுவும் தெரியாது. பிறகு வந்த ஐந்து ஆலோசகர்களிடமும் வேலை பார்த்து இருபத்திரண்டு வருடம் கழித்து ஆர்லீன் ஓய்வு பெற்றார். ஒவ்வொரு மூன்று மாதமும் அந்தப் புத்தகத்தைப் பார்த்தார், வேறு நாட்டுப் பக்கங்களையும் சேர்த்து. எல்லைகள் திறந்த பிறகு அந்த நாட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். குபெலா என்ற பெயரில் எங்களிடம் பதிவு இல்லை என்று அச்சடித்த பதில் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்றார்.

கனெக்டிகட் அவென்யூவில், ஐந்தாவது மாடியில், அவர் அறை ஜன்னலுக்குக் கீழே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. காபி ஆறியிருந்தது. நான் நோட்டை மூடிவிட்டு, எழுதுவதற்காக இல்லாமல், ஒன்று கேட்டேன். அந்த ஒரே தடவை பேசியதற்குப் பதிலாக வேறு ஏதாவது பேசியிருக்கலாம் என்று தோன்றியதுண்டா?

"ஒன்பது பேர் இருந்தாங்களே. அதைத்தான் கேட்டிருப்பேன். இப்பவும் அதைத்தான் கேப்பேன்."

என்னை வழியனுப்பக் கதவை நோக்கிப் பாதி தூரம் வந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆனா முதல்ல ஒரு குட் மார்னிங் சொல்லியிருக்கலாம். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நாலு மாசமா மனுஷன் ஒவ்வொரு காலையும் சொன்னார். நான் ஒண்ணு திருப்பிச் சொல்லியிருக்கலாம்."